முகட்டுநாட்டின் கிழக்குக் கரை

என் மனைவி லுத்பியா ஒரு நாட்டை உண்டாக்கியவள். சிரிக்க விரும்புகிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துக்கொள்ளலாம், நான் காத்திருக்கிறேன். வெள்ளவத்தையில் காலி வீதியோரம் முப்பது வருஷமாகத் தையல் கடை வைத்திருப்பவன் நான். தன் வயிறு பெருத்ததைச் சொல்லாமல், காற்சட்டை சுருங்கிவிட்டது என்று சண்டைக்கு வருகிறவர்களையே பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

நாடு என்றால் வாய்க்கு வந்தபடி சொன்ன நாடு இல்லை. ஆறு, மலை, கடல், ஊர், சந்தை, சனம், சனத்தின் சண்டை சச்சரவு எல்லாம் உள்ள நாடு. பெயர் முகட்டுநாடு. அதில் பாதி லுத்பியாவுடையது. மற்றப் பாதி கொட்டாஞ்சேனை கொன்ஸ்ரன்ஸுடையது. இரண்டு பாதியையும் பிரித்து வைத்த மடையன் நான். அதனால்தான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய ஆளும் நானாகிறேன்.

1961ஆம் ஆண்டு. கொழும்புக்கு வெளியே ஒரு சயரோக ஆஸ்பத்திரி. லுத்பியாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. பக்கத்துக் கட்டிலில் கொன்ஸ்ரன்ஸ், கப்பல் கம்பனி ஒன்றில் டைப்பிஸ்ட், இவளைவிட இரண்டு வயது மூத்தவள். இருவருக்கும் டொக்டர் சொன்ன வைத்தியத்தில் பாதி, மல்லாந்து படுத்திருப்பதுதான். எழும்பக் கூடாது, உரத்துக் கதைக்கக் கூடாது, சிரிக்கவும் கூடாது. மல்லாந்து கிடக்கிற ஆள் எதைப் பார்ப்பது? தலைக்கு மேலே கூரை முகட்டைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த முகடு மழைக்கு ஒழுகும். நடுவில் நீளமாக ஒரு கறை. "அது ஆறு" என்றாளாம் லுத்பியா. "அப்ப அதில குளிக்கிறது ஆர்?" என்று கேட்டாளாம் கொன்ஸ்ரன்ஸ். இப்படித்தான் தொடங்கியது. நீளக் கறை கசிவாறு ஆனது. ஒவ்வொரு மழைக்கும் அது இன்னும் கொஞ்சத் தூரம் ஓடியது. சாந்து பெயர்ந்து விழுந்த இடம் உதிர்மலை. மேற்கு ஜன்னல் பக்கம் பெரிதாகப் பரவியிருந்த கறை கடல். பின்னேரத்தில் ஜன்னலால் வரும் சிவப்பு வெளிச்சம் சரியாக அதில்தான் போய் விழும். கொழும்பில் பிறந்தவர்களுக்குச் சூரியன் கடலில் விழுந்தால்தான் பொழுதுபட்ட மாதிரி.

இரண்டே இரண்டு சட்டம் வைத்துக்கொண்டார்கள். முதலாவது, நிலமெல்லாம் லுத்பியா, சனமெல்லாம் கொன்ஸ்ரன்ஸ். ஒருத்தியின் வேலையில் மற்றவள் கை வைக்கக் கூடாது. இரண்டாவது, ஒரு தரம் எழுதியதை அழிக்கக் கூடாது. பிழையாக எழுதினால் அந்தப் பிழைக்கும் நாட்டில் ஓர் இடம் கொடுக்க வேண்டும். பிற்காலத்தில் ஒரு தபாலட்டையில் மை கொட்டிவிட்டது. அது இப்போது கருங்குளம். அதில் மீன்பிடிக்கிற சனமும் உண்டு.

கொன்ஸ்ரன்ஸ் உண்டாக்கிய சனங்களைப் பற்றிச் சொன்னால் இன்று முழுக்கச் சொல்லலாம். ஆறு பெருகும்போது வீட்டைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு மேட்டுக்குப் போகிற சுமைவீட்டார். உதிர்மலையில் சீழ்க்கையால் மட்டும் பேசிக்கொள்கிற சீழ்க்கையர். அவர்களுக்கும் உரத்துக் கதைக்கத் தடை போலும். "எப்ப வீட்டுக்குப் போவாய்?" என்று யாரையும் கேட்காத கேளாதார். கசிவாற்றுக் கரையில் பொறுத்தூர் என்று ஒரு பட்டணம். அங்கே வருகிற ஆள் யாராக இருந்தாலும், இராசாவாக இருந்தாலும், முதலில் வாசலில் போட்டிருக்கிற வாங்குப் பலகையில் உட்கார்ந்து மூச்சு வாங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வந்த காரியத்தைச் சொல்லலாம். நாடு முழுக்க ஒரு இடத்திலும் படிக்கட்டு இல்லை. படியேறினால் இளைக்கிறவர்கள் போட்ட சட்டம் அப்படித்தானே இருக்கும்?

பதினான்கு மாதம் கழித்து இருவரும் ஒரே கிழமையில் சுகப்பட்டு வெளியே வந்தார்கள். லுத்பியா என் மாமி மகள். கட்டினால் அவளைத்தான் என்று நான் சொன்னதும் என் உம்மா குதித்தார்.

"நெஞ்சு பழுதான புள்ளய எடுத்து என்னடா செய்யப் போறாய்?"

"குடும்பம் நடத்தப் போறேன், உம்மா."

நடத்தினோம். முன்னால் கடை, பின்னால் வீடு. ஜவாஹிறா பிறந்தாள். லுத்பியாவின் நெஞ்சுக்குக் குளிர் ஆகாது என்பதால் ஒருநாளும் நுவரெலியாவுக்குக் கூட்டிப் போனதில்லை. நிஜமான மலை ஒன்றில் அவள் கால் வைத்தது கிடையாது. ஆனால் உதிர்மலையின் எந்தக் கணவாயில் எந்த மாதம் பனி இறங்கும் என்று கேட்டால், மாவைக் குழைத்துக்கொண்டே சொல்லுவாள்.

கொன்ஸ்ரன்ஸும் கொட்டாஞ்சேனையிலேயே கலியாணம் முடித்து, பிள்ளைகள் பெற்று, வேலைக்கும் போய்க்கொண்டிருந்தாள். சனிக்கிழமை தோறும் அவளிடமிருந்து ஒரு தபாலட்டை வரும். திங்கட்கிழமை இவள் பதில் போடுவாள். தபாலட்டைக்கு ஏது மூடி? கடை விலாசத்துக்கு வருவதால் முதலில் தபால்காரர் வாசிப்பார், பிறகு நான் வாசிப்பேன். "இந்தக் கிழமை சுமைவீட்டார் இருநூறு பேர் உன்ர ஆத்தைக் கடந்தாச்சு. ஒரு கிழவர் மட்டும் வரமாட்டன் எண்டு அடம்பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். அவருக்கு ஒரு மேடு போட்டுத் தா." லுத்பியா திங்கட்கிழமை மேடு போட்டுக் கொடுப்பாள். இப்படி இருபது வருஷத்துக்கு மேல் நடந்தது. எனக்கு எரிச்சல்தான். ஆனால் அந்தக் கிழவர் மேட்டில் ஏறினாரா இல்லையா என்று அடுத்த சனிக்கிழமை முதலில் பார்த்தது நான்தான்.

1983 ஏப்ரலில் ஜவாஹிறாவைப் பெண் பார்க்கத் தெமட்டகொடையிலிருந்து வந்தார்கள். நல்ல இடம். வட்டிலப்பம் எல்லாம் வைத்தாயிற்று. மாப்பிள்ளையின் உம்மா கையை நீட்டிய இடத்தில், மேசைமேல், அன்று காலையில் வந்த அட்டை கிடந்தது. எடுத்து வாசிக்கத் தொடங்கினார். சீழ்க்கையரின் கலியாண வழக்கம் அதில் எழுதியிருந்தது. அங்கே பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை பார்க்கப் போவார்களாம். மாப்பிள்ளை தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்து நிற்க வேண்டுமாம். சந்தேகம் இருந்தால் பல்லைக் காட்டச் சொல்லியும் பார்க்கலாமாம்.

அந்த மனிசி அதை இரண்டு தரம் வாசித்தார். "இது எந்த ஊர்ல நடக்குது?" என்று கேட்டார்.

லுத்பியாவுக்குப் பொய் வராது. "எங்கட நாட்டுல" என்றாள்.

வட்டிலப்பம் அப்படியே கிடந்தது. இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து, பெண்ணின் உம்மாவுக்கு மண்டையில் ஏதோ கோளாறாம் என்று அவர்கள் சொல்வதாகச் சொன்னார். எனக்கு வந்த கோபம் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. தபால் கந்தோருக்குப் போனேன், ஒரு அட்டை வாங்கினேன், நின்ற நிலையில் எழுதினேன். "தங்கச்சி, உங்கட பைத்தியக்கார நாட்டால என்ட மவள்ட வாழ்க்க கெடுது. இனி ஒரு அட்டயும் எங்கட வீட்டுக்கு வரப்படாது. தாஸிம்."

அடுத்த திங்கட்கிழமையே கோபம் இறங்கிவிட்டது. ஆனால் பெட்டிக்குள் போட்டதைத் திருப்பி எடுக்க முடியுமா? மன்னிப்புக் கேட்டு இன்னொன்று எழுத என் ஆணவம் விடவில்லை. சனிக்கிழமை அட்டை வரவில்லை. அடுத்த சனியும் வரவில்லை. "சுகமில்லையோ தெரியா" என்று லுத்பியா எழுதி எழுதிப் போட்டாள். கொன்ஸ்ரன்ஸ் ரோசக்காரி, ஒரு வரி எழுதவில்லை. நான் குனிந்து தைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஜூலை வந்தது, தமிழரைத் தேடித் தேடி அடித்த கலவரமும் வந்தது. எங்கள் வரிசையில் எத்தனையோ தமிழர் கடைகள் எரிந்தன. பத்து நாள் கழித்துப் பஸ் ஓடத் தொடங்கியதும் நான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கொன்ஸ்ரன்ஸின் வீட்டுக்குக் கதவு இல்லை, உள்ளே சுவரெல்லாம் கறுப்பு. அகதி முகாமாக இருந்த பள்ளிக்கூடத்திலும் தேடினேன். சிலாபம் பக்கம் சொந்தக்காரரிடம் போயிருப்பார்கள் என்று ஒரு ஆள் சொன்னார், நிச்சயமாகத் தெரியாது என்றும் சொன்னார். லுத்பியா போட்ட அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

"என்ட விலாசம் அவளுக்கு மனப்பாடம்" என்று லுத்பியா அழுதாள். "உசிரோட ஈந்தா ஒரு வரி எழுதியிருப்பாளே."

அவள் எழுதாமல் இருக்க இன்னொரு காரணம் இருந்தது. அது எனக்கு மட்டும் தெரியும். அதைச் சொல்லியிருந்தால் லுத்பியாவின் அழுகை பாதியாகக் குறைந்திருக்கும். சொல்லவில்லை. வெட்கமும் பயமும் என் வாயைக் கட்டிவிட்டன. ஜவாஹிறாவுக்கு அடுத்த வருஷமே அதைவிட நல்ல இடத்தில் கலியாணமானது. மாப்பிள்ளையின் உம்மா எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மனிசி, சீழ்க்கையரின் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக் கேட்டுச் சிரித்தார். நான் கோபப்பட்டு ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை.

1986 கடைசியில் ஒருநாள் லுத்பியா ஒரு மெல்லிய தாளில் நாட்டின் படம் முழுவதையும் புதிதாகக் கீறிக்கொண்டிருந்தாள். வடக்கில் ஒரு புதிய பள்ளத்தாக்கு. நல்ல மண், இரண்டு ஓடை, பலாமரம், காற்று மறைவு எல்லாம் கொடுத்திருந்தாள். ஊர் மட்டும் இல்லை.

"யாரையாவது குடி வையேன்" என்றேன்.

"அது கொன்ஸ்ரன்ஸ்ட வேல. நான் கை வைக்க ஏலா" என்றாள். "அவ வார நேரம் எடம் தயாரா ஈக்கோணும்."

அன்றுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஒவ்வொரு வருஷமும் எங்கள் கடை ஒரு கலண்டர் அடித்து வாடிக்கைக்காரருக்குக் கொடுக்கும். மேலே மக்கா படம், கீழே கடையின் பெயர். 1987க்கு மக்கா படத்துக்குப் பதிலாக முகட்டுநாட்டை அடித்தால் என்ன? எங்கள் கலண்டர் எங்கெல்லாம் போகிறது! சாப்பாட்டுக் கடை, சலூன், டிஸ்பென்சரி, சவூதி, லண்டன். கொன்ஸ்ரன்ஸ் எந்த மூலையில் இருந்தாலும் அவள் கண்ணில் ஒருநாள் படாதா? லுத்பியாவுக்குச் சொல்லாமலே செய்ய வேண்டும் என்று தீர்மானித்தேன். சொன்னால் ஏன் இந்த அக்கறை என்று கேட்பாள், நான் உளறிவிடுவேன்.

அவள் ஜவாஹிறா வீட்டுக்குப் போன ஒரு மத்தியானம், படத்தை எடுத்து வெட்டுமேசையில் விரித்து, கார்பன் வைத்து, ஆறு மலை கடலெல்லாம் வேறு தாளில் கீறி எடுத்தேன். படத்தில் லுத்பியா இன்னும் எழுதாத ஊர்ப் பெயர்களை எங்கெங்கே போடுவது என்று இலக்கமிட்டுக் கொடுத்தேன், அச்சகத்தில் எழுத்துக் கோத்தார்கள். வெறும் பள்ளத்தாக்கில் மட்டும் சின்ன எழுத்தில் ஒரு வரி போடச் சொன்னேன்: "ஆட்கள் இன்னும் வந்து சேரவில்லை."

ஐந்நூறு பிரதி வந்து இறங்கியது. ஒன்றை எடுத்துச் சுவரில் மாட்டிவிட்டு லுத்பியாவைக் கூப்பிட்டேன். வந்தாள். பார்த்தாள். முகம் மலர்ந்தது. கிட்டப் போனாள். பிறகு அவளுடைய கை வாய்க்குப் போனது.

"அல்லா! கடல் எங்க?"

"இந்தா ஈக்கே."

"இது கெழக்கு!"

தையல்காரன் துணியின் உட்பக்கத்தில்தான் கோடு போடுவான். காற்சட்டையோ சேட்டோ, மேற்பக்கத்தில் சோக்குப் படவே கூடாது. இருபத்தைந்து வருஷப் பழக்கம். மெல்லிய தாளைக் கையில் எடுத்ததும் என்னை அறியாமலே உட்பக்கம் மேலே வரும்படி புரட்டிப் போட்டிருக்கிறேன். வலது இடதாகிவிட்டது. கடல் முழுவதும் கிழக்கே போய்விட்டது. ஐந்நூறு பிரதியிலும் போய்விட்டது.

நான் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். எல்லாவற்றையும் கட்டி அடுப்பில் போடப் போகிறேன் என்றேன். லுத்பியா விடவில்லை.

"அழிக்கிற இல்ல. அது சட்டம். குடுங்க எல்லாருக்கும்" என்றாள்.

கொடுத்தோம். எனக்கு அவமானமாக இருந்தது. வாடிக்கைக்காரர் பலர் அது ஏதோ அரபு நாடு என்று நினைத்தார்கள். "தாஸிம் நானா, இந்தப் பொறுத்தூருக்கு விசா கஷ்டமா?" என்று ஒருத்தன் கேட்டான். அங்கே டெய்லர் வேலை இருக்கிறதா என்று இன்னொருத்தன். இருக்கிறது, ஆனால் முதலில் வாங்கில் இருந்து மூச்சு வாங்க வேண்டும் என்றேன்.

ஜனவரி போனது, பெப்ரவரி போனது. மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை தபால்காரர் சைக்கிளில் வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். "தாஸிம் நானா, உங்களுக்கு நல்ல ஏச்சு வந்தீக்கு" என்று ஒரு அட்டையை நீட்டினார். விலாசத்தில் என் பெயர். டைப் அடித்த மாதிரி நேரான எழுத்து. மெஷினில் இருந்தபடியே வாசித்தேன்.

"தாஸிம் நானாவுக்கு. கல்கிசையில ஒரு டிஸ்பென்சரியில மருந்துக்குக் காத்திருக்கேக்க உங்கட கலண்டரைப் பாத்தன். வாங்கில ஏறி நிண்டு பாத்தன். நேர்ஸ் ஏசினவ. கடலைத் தூக்கிக் கிழக்கில வைச்ச மடையன் ஆர்? சூரியன் இனி எங்க போய் விழுறது? நீங்கள் எழுத வேண்டாம் எண்டு சொன்னதால நாலு வருஷமா எழுதேல்லை. இதைப் பாத்துக்கொண்டும் சும்மா இருக்க என்னால ஏலாது. அழிக்கிறதில்லை எண்டு எங்கட சட்டம். ஆனபடியால் மேற்கிலயும் கடல், கிழக்கிலயும் கடல். எங்கட நாடு இனி ஒரு தீவு எண்டு லுத்பியாவிட்டச் சொல்லுங்கோ. அந்தப் பள்ளத்தாக்குக்கு ஆக்கள் வந்தாச்சு. நாலு பேர். நான், அவர், பிள்ளைகள் ரெண்டு. கிழக்குக் கரைக்கு முதற்குடியா தாஸிம் எண்டு ஒரு ஆளைப் போட்டிருக்கு. தனி ஆள். ஊருக்குள்ள வர விருப்பம் எண்டால் முதல்ல வந்து என்னோட கதைக்க வேணும். கொன்ஸ்ரன்ஸ்."

நான் மெஷினை விட்டு எழும்பிக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. லுத்பியா மாவுக் கையோடு ஓடிவந்து அட்டையைப் பறித்தாள். "நாலு பேர்" என்ற இடத்துக்கு முதலில் போனாள். நாலு பேர், நாலு பேர் என்று சொல்லிச் சிரித்து அழுதாள். பிறகு முதலிலிருந்து வாசித்தாள். நடுவில் நின்றுவிட்டாள்.

"நீங்களா எழுத வாணாம் எண்டு சென்னீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் கோபத்தில் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னாள்.

"நாலு வருஷமா அவ மௌத்தாப் போயிட்டாளோ எண்டு அழுதேன். நீங்க பக்கத்துல உக்காந்து தண்ணி ஊத்தித் தந்தீங்க."

அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்கிசைக்குப் பஸ்ஸில் போனோம். ஒரே சீட்டில் இருந்தோம், அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சிலாபத்தில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு, கொன்ஸ்ரன்ஸ் குடும்பம் இங்கே வந்து இன்னும் இரண்டு வருஷமாகிறது. அரை மணி நேரப் பஸ் தூரம்! நிலத்தோடு ஒட்டிய சின்ன வீடு. கதவைத் திறந்தவளுக்குத் தலை நரைத்திருந்தது. இரண்டு பெண்களும் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில் நான் செருப்பைக் கழற்றுவதும் போடுவதுமாக நின்றேன்.

"என்ன நானா, வாசலிலயே நிக்கிறீங்கள்? இங்க படி இல்லை, வாங்கோ."

"தங்கச்சி, நான் செஞ்சது பெரிய பிழை. மன்னிக்கோணும்."

"நான் அந்தக் கார்ட்டை எழுதேக்கயே மன்னிச்சுப்போட்டன்" என்று சிரித்தாள் கொன்ஸ்ரன்ஸ். "சனம் என்ர பாதி, அது சரி. ஆனா நிலம் அவளின்ர பாதி. நீங்கள் நிக்கிற நிலத்தை அவளிட்டத்தான் கேக்க வேணும்."

லுத்பியா என் பக்கம் திரும்பவில்லை. கொன்ஸ்ரன்ஸின் பிள்ளைகளோடு பேசப் போய்விட்டாள்.

மூன்று கிழமை அப்படியே போனது. பின்னேரத் தேத்தண்ணீரைக் கொண்டுவந்து மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போவாள். இருபத்துநாலு வருஷமாக நாங்கள் இருவரும் சேர்ந்திருந்து குடித்த தேத்தண்ணீர் அது. இப்போது தனியாகக் குடித்தேன். எனக்கு வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு தைத்தேன்.

நான்காவது சனிக்கிழமை அட்டை வந்தது. லுத்பியாவின் பெயருக்குத்தான். முதலில் நான்தான் வாசித்தேன், அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகாது. பள்ளத்தாக்கில் முதல் பலாக்காய் பறித்தாயிற்று. கேளாதார் இரண்டு குடும்பம் விருந்துக்கு வந்திருக்கிறார்கள். கடைசியில், இடமில்லாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தது:

"கிழக்குக் கரை: இப்ப ரெண்டு பேர். மற்ற ஆள் நிலத்துக்குச் சொந்தக்காரி, தானாகவே கேட்டு எழுதினவ. கடலில பொழுது விடியிறதைப் பாக்க வேணுமாம்."

நான் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, அட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மேசையில் இரண்டு கோப்பை இருந்தது. லுத்பியா மற்றக் கதிரையை எனக்காக இழுத்து வைத்தாள்.

"இருங்க" என்றாள். "மொதல்ல மூச்சு வாங்குங்க."